தாத்தா பாட்டியைத் தேடுறவங்களுக்கு நூலகத்துல ஒரு அலமாரி வேணும்: நூலகத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பொது நூலக இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட நூலக அலுவலர்களுக்கும், ஊர்ப்புற நூலகத்துல ஒத்த ஆளா பூட்டைத் திறந்து பெருக்கி பேப்பர் அடுக்கி என்ட்ரி போட்டு எல்லாத்தையும் பாத்துக்கிற நூலகர் அண்ணன் அக்காங்களுக்கும் வணக்கம்.

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். குடும்ப வரலாறு தேடுறவங்களுக்குன்னு ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்துலயும் ஒரே ஒரு அலமாரி ஒதுக்குங்க, கூடவே எந்தத் தகவல் எந்த ஆபீஸ்ல எந்தப் பதிவேட்டுல கிடைக்கும்னு நம்ம ஊருக்குத் தகுந்த மாதிரி தமிழ்ல ஒரு கைடு போடுங்க. தலகாணி சைஸ் புக்கெல்லாம் வேணாம், அறுபது எழுபது பக்கம் போதும். போட்டித் தேர்வுக்குத் தனி ரூம் வச்சிருக்கீங்க, குழந்தைங்களுக்குத் தனி இடம் இருக்கு, எல்லாம் சந்தோஷம். ஆனா "எங்க கொள்ளுத்தாத்தா எந்த ஊர்ல இருந்து வந்தாரு, எங்க போய் பாக்கணும்"னு ஒருத்தர் வந்து கேட்டா அவரை எந்த ரேக்குக்கு அனுப்புவீங்க? வரலாறு ரேக்குல சோழர் இருக்காங்க, பாண்டியர் இருக்காங்க, அவரோட கொள்ளுத்தாத்தா இல்லையே.

நான் யாருன்னு சொல்லிடுறேன். பத்திர எழுத்தர் ஒருத்தர்கிட்ட ரொம்ப வருஷம் உதவியாளா இருந்தவன், மதுரைப் பக்கம். நிலம் வாங்க விக்க வர்றவங்க கொண்டு வர்ற மூலப்பத்திரத்தைப் படிச்சு சொல்றதுதான் என் பாதி வேலை, அப்படிப் படிக்கிறப்போ "இந்தக் கருப்பாயிங்கறது யாரு, எங்க பாட்டிக்கு அக்காவா"ன்னு அவங்க கேக்க ஆரம்பிச்சு, வந்த வேலையை விட்டுட்டு குடும்பக் கதை ஓடும். இந்த ஆசை படிச்சவங்களுக்கு மட்டும், வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. 2025 கடைசியில வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம் வந்தப்போ பாத்திருப்பீங்க, 2002, 2005 லிஸ்ட்ல அப்பா பேரு அம்மா பேரு எங்க இருக்குன்னு தெருத்தெருவா ஜனங்க தேடினாங்க. அப்போ பயத்துல தேடினாங்க, அது வேற. ஆனா ஒரு பழைய லிஸ்ட்ல நம்மாளு பேரைப் பாத்ததும் முகத்துல வர்ற சிரிப்பு இருக்கே, அது வேற எதுலயும் வராது.

இங்கிலீஷ்ல இதுக்கு ஏகப்பட்ட கைடு இருக்கே, அதை வாங்கி வச்சா போதாதான்னு கேப்பீங்க. போதாது. அந்த புக்கெல்லாம் ரெண்டு விஷயத்தை நம்பி எழுதினது. ஒண்ணு சென்சஸ். இங்கிலாந்துல நூறு வருஷம் கழிச்சு, அமெரிக்காவுல 72 வருஷம் கழிச்சு, வீடு வீடா பேர் எழுதின தாளையே ஜனங்களுக்குத் தொறந்து விட்டுடுறாங்க. நம்ம ஊர்ல 1871லயே பெரிய கணக்கெடுப்பு ஆரம்பிச்சாச்சு, ஆனா நமக்குக் கிடைக்கிறது எல்லாம் மொத்தக் கணக்குதான், இந்த தாலுகாவுல இத்தனை பேரு, இத்தனை வீடு, அவ்வளவுதான். 1948 சென்சஸ் சட்டப்படி தனி ஆளோட விவரத்தை யாருக்கும் காட்டவும் மாட்டாங்க. ரெண்டாவது, சர்நேம். ஒரே குடும்பப் பேரை வச்சு பின்னாடியே போயிட்டே இருப்பாங்க அவங்க. நமக்கு அப்பா பேரு இனிஷியலா வந்து அடுத்த தலைமுறையில அதுவும் மாறிடும், நான் க. முருகன்னா என் பையன் மு. அப்புறம் அவன் பையனுக்கு வேற எழுத்து. அதனால அந்த கைடுல சொன்ன முதல் ரெண்டு அத்தியாயமும் இங்க வேலைக்கே ஆகாது, வாங்கினவங்க அதோட மூடி வச்சுடுறாங்க.

நம்ம ஊர்ல குடும்பம் ஒளிஞ்சிருக்கற இடம் நிலத்துலதான். இதை மட்டும் கைடுல நல்லா விலாவாரியா எழுதணும், ஏன்னா தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி, தெரிஞ்சவங்களும் கோர்ட்டு கேஸுக்காக மட்டும்தான் தெரிஞ்சு வச்சிருக்காங்க. பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்க, இன்ன ஜில்லா இன்ன தாலுகா இன்ன கிராமத்திலிருக்கும் சிவமதம் பூஸ்திதி ஜீவனம் இன்னார் குமாரர் இன்னார்னு ஆரம்பிக்கும், பூஸ்திதி ஜீவனம்னா நிலத்தை வச்சுப் பொழைக்கிறவர்னு அர்த்தம். ஒரே வரியில ஊரு, மதம், தொழிலு, அப்பா பேரு நாலும் வந்துடுது. வித்தவருக்கும் அப்படி, வாங்கினவருக்கும் அப்படி, சாட்சி போட்டவருக்கும் ஊரும் அப்பா பேரும் இருக்கும், சாட்சி பெரும்பாலும் பங்காளியாவோ மச்சானாவோதான் இருப்பாரு. பாகப்பிரிவினைப் பத்திரம்னா இன்னும் ஜோர், அண்ணன் தம்பி எல்லார் பேரும், செத்துப்போன அண்ணனோட மைனர் பசங்க பேரும், அவங்களுக்கு கார்டியனா நிக்கிற அம்மா பேரும், வரிசையா நிக்கும். நாலு தலைமுறை நிலத்தைப் பிரிச்ச பத்திரம் நாலு கிடைச்சுதுன்னா கொடிவழி தானா வந்துடும்.

பொம்பளைங்க பேரு கிடைக்காதுன்னு சொல்லுவாங்க, பாதி உண்மை. விடுதலைப் பத்திரம்னு ஒண்ணு இருக்கு, பொறந்த வீட்டு சொத்துல எனக்கு பாத்தியம் வேணாம்னு எழுதிக் குடுக்கறது. அதுல கட்டிக்குடுத்த மகளோட பேரு, புருஷன் பேரு, வாக்கப்பட்ட ஊரு எல்லாம் இருக்கும். 1989 மார்ச் 25ல இருந்து தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்துச்சு, அதுக்கப்புறம் இந்தப் பத்திரம் நெறைய பதிவாச்சு. பங்கைக் குடுத்தாங்களோ இல்லையோ, வேணாம்னு எழுதி வாங்கறதுக்காவது அவங்க பேரை எழுதினாங்க. எனக்கு இது எரிச்சலான விஷயம்தான், ஆனா அத்தைங்களைத் தேடுறவங்களுக்கு இதுதான் வழி.

அடுத்து எங்க போய் கேக்கறதுங்கறது. வில்லங்கம் ஆன்லைன்ல 1975ல இருந்து பாக்கலாம், அதுக்கு முந்தினதுக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போடணும், இது கொஞ்ச பேருக்குத் தெரியும். ஆனா பதிவுச் சட்டம் 57வது பிரிவுல ஒண்ணாம் புத்தகத்தையும் (நிலம் வீடு பத்திரமெல்லாம் பதியற புத்தகம்), பேர் வரிசைப்படி இருக்கற முதல் அட்டவணையையும் யார் வேணும்னாலும் கட்டணம் கட்டிப் பாக்கலாம்னு இருக்கு, அது எத்தனை பேருக்குத் தெரியும்? சர்வே நம்பரே தெரியாம வெறும் பேரை வச்சு தேடுறதுக்கு அந்த அட்டவணைதான் உதவும். இதை நான் வாயால சொன்னா ஆபீஸ்ல "யாரு சொன்னது"ன்னு கேக்கறாங்க, அரசாங்க நூலகம் போட்ட கைடுல அச்சுல இருந்தா அதைக் காட்டி கேக்கலாம்ல.

இன்னும் பின்னாடி போனா இனாம் பதிவேடு. 1858ல இனாம் கமிஷன் வச்சு, யார் யாருக்கு ராஜா காலத்துல மானியம் குடுத்தாங்க, முதல்ல வாங்கினது யாரு, இப்போ அனுபவிக்கிறது யாரு, அவருக்கும் இவருக்கும் என்ன உறவுன்னு விசாரிச்சு 1860கள்ல எழுதி வச்சாங்க. பெரிய வீட்டுக்காரங்க மட்டும் இல்ல, கோயில்ல பூ கட்டினவங்க, மேளம் வாசிச்சவங்க, தேவதாசி அம்மாங்க பேரும் அதுல வரும், அவங்களுக்குத் தாய்வழியாத்தான் வரும். மூலம் எல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துலதான் கேக்கணும். அதுக்கப்புறம் நிலத்தை அளந்து வரி போட்ட செட்டில்மெண்ட் பதிவேடு, அதைத் திருத்தின ரீசெட்டில்மெண்ட், 1979ல ஆரம்பிச்ச யுடிஆர்ங்கற பட்டா திருத்தத் திட்டம் வரைக்கும் ஒவ்வொண்ணுலயும் என்ன கிடைக்கும்னு ஒரு பக்கம் போட்டா போதும், இங்க நான் நீட்டல. 1980 நவம்பர்ல ஊர் நிலக்கணக்கு எழுதின கர்ணம், வரி வசூல் பண்ணின மணியக்காரர்னு இருந்த பரம்பரைப் பதவியை ஒழிச்சாங்க, நல்ல காரியம்தான், ஆனா சில ஊர்ல பழைய கணக்கு இன்னும் அந்த வீட்டுப் பரண்லயே கிடக்கு.

நிலமே இல்லாதவங்களுக்கு என்ன வழி? இதைக் கேக்காம விட்டா இந்த அலமாரி பட்டாதாரர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு மட்டும்னு ஆயிடும். 1891ல செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் ஒரு ரிப்போர்ட் குடுத்தாரு, அதை வச்சு 1892ல தலித் ஜனங்களுக்குன்னு பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வந்துச்சு, நம்ம ஜனங்க டிசி நிலம்னு சொல்றது அதைத்தான். அது இன்னைக்கு யார் கையில இருக்குங்கறது பெரிய சண்டை, அது நடக்கட்டும். ஆனா அந்த நிலத்தை முதல்ல யார் யாருக்கு ஒப்படைச்சாங்கங்கற கோப்புல இருக்கற பேருங்க, பல தலித் குடும்பங்களுக்கு சர்க்கார் தாள்ல முதல் முதலா எழுதப்பட்ட முன்னோர் பேரா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. அதே மாதிரி சர்ச்சுல ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிக்கூடத்துல அட்மிஷன் ரெஜிஸ்டர். தரங்கம்பாடியில 1706லயே சீகன்பால்க்ங்கற ஜெர்மன் பாதிரியார் வந்து மிஷன் ஆரம்பிச்சாச்சு, அந்த வழி வந்த சபைகள்ல பேர் எழுதி வைக்கிற பழக்கம் ரொம்பப் பழசு. ஏழை, பணக்காரன், ஆம்பள, பொம்பள எல்லாரும் அதுல உண்டு.

வெள்ளைக்காரன் காலத்துல ஒப்பந்தக் கூலியா வெளிநாட்டுக்குக் கப்பல்ல போன குடும்பங்களைப் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா இப்போ தேடி வர்றவங்கள்ல பாதி பேரு அங்க இருந்துதான் வர்றாங்க. 1860 அக்டோபர் 12ந்தேதி மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோன்னு ஒரு கப்பல் 342 பேரோட கெளம்பி நவம்பர் 16ந்தேதி டர்பன் போய் சேர்ந்துச்சு. அதுல இருந்து 1911 வரைக்கும் தென்னாப்பிரிக்காவுல டர்பன் இருக்கற நேட்டாலுக்குப் போனவங்க 1,52,184 பேரு, ஒவ்வொருத்தருக்கும் நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கற தழும்பு வரைக்கும் எழுதின கப்பல் லிஸ்ட் இருக்கு. மொரீஷியஸ்ல மோக்காங்கற ஊர்ல மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல குடியேறினவங்க பதிவேடு இருக்கு, 1860கள்ல இருந்து போட்டோ கூட எடுத்து வச்சிருக்காங்க. பாருங்க, இங்க இருந்துட்டவங்களுக்கு அந்தக் காலத்து போட்டோ கிடையாது, போனவங்களுக்கு இருக்கு!

இப்போ அங்க இருந்து ஒரு பேரன் தாளைத் தூக்கிட்டு வர்றாரு. அதுல வடஆற்காடு ஜில்லான்னு இருக்கு, கிராமத்துப் பேரு வெள்ளைக்கார குமாஸ்தா காதுல விழுந்த மாதிரி கோணல்மாணலா இருக்கு. வடஆற்காடு இன்னைக்கு எங்க இருக்கு? 1911ல அதுல ஒரு துண்டு சித்தூர் ஜில்லாவுக்குப் போச்சு, அது இப்போ ஆந்திரா. மிச்சம் 1989ல வேலூர்ப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம்னு ரெண்டாச்சு. 2019ல வேலூர்ல இருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிஞ்சுது. எங்க பக்கமும் அப்படித்தான், ராம்நாடு ஜில்லா 1910ல மதுரையில இருந்தும் திருநெல்வேலியில இருந்தும் வெட்டி ஒட்டினது, 1985ல அதுவும் மூணாச்சு. எந்த தாலுகா எந்த வருஷம் எந்த ஜில்லாவுல இருந்துச்சுன்னு ஒரு டேபிளும், 1961 சென்சஸ் மாவட்டக் கையேட்டுல இருக்கற கிராமப் பட்டியலும் அலமாரியில இருந்தா அந்தப் பையன் ஒரு மத்தியானத்துல ஊரைப் பிடிச்சுடுவான். இல்லேன்னா கார் வச்சு சுத்தி, கடைசியில புரோக்கர் எவனாவது "இதுதான் சார் உங்க ஊரு"ன்னு ஏதோ ஒரு அரச மரத்தைக் காட்டி காசு வாங்கிட்டுப் போயிடுவான்.

இலங்கைத் தோட்டத்துல இருந்து திரும்பினவங்களையும் சேர்த்துக்கோங்க. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கறதா எழுதினாங்க. அப்படி வந்த குடும்பங்க நீலகிரி, கூடலூர், கோத்தகிரி எல்லாம் இருக்காங்க, அவங்க கையில இருக்கற பழைய பாஸ்போர்ட்டும் மண்டபம் முகாம்ல குடுத்த தாளுந்தான் அவங்க குடும்பத்தோட முதல் புத்தகம். பர்மாவுல இருந்து 1960கள்ல வந்தவங்களும் இதே கதை. பாண்டிச்சேரி, காரைக்கால்காரங்க குடுத்து வச்சவங்க, பிரெஞ்சுக்காரன் பொறப்பு கல்யாணம் சாவு எல்லாத்தையும் சிவில் பதிவேட்டுல எழுதி வச்சான், அது இப்போ பிரான்ஸ் ஆவணக் காப்பகம் மூலமா ஆன்லைன்லயே இருக்கு, பிரெஞ்சு கையெழுத்தைப் படிக்கிறதுக்குத்தான் ஆள் பிடிக்கணும்.

அச்சுப் புத்தகம் எதெல்லாம் வைக்கலாம்னு கேட்டீங்கன்னா, முதல்ல அந்தந்த மாவட்டத்தோட பழைய மேனுவல், கெசட்டியர், அதாவது வெள்ளைக்காரன் காலத்துல மாவட்டத்தைப் பத்தி சர்க்கார் போட்ட தகவல் புத்தகம். மதுரைக்கு நெல்சன் எழுதினது 1868, திருநெல்வேலிக்கு ஸ்டூவர்ட் 1879, தஞ்சாவூருக்கு வெங்கசாமி ராவ் 1883, கோயம்புத்தூருக்கு நிக்கல்சன் 1887. இதுல உங்க தாத்தா பேரு இருக்காது, ஆனா அந்த வருஷம் பஞ்சம் எங்க வந்துச்சு, எந்த ஜமீன் ஏலத்துக்குப் போச்சு, ரோடு எந்த ஊர் வழியா போச்சுன்னு தெரியும், தாத்தா ஏன் ஊரை விட்டுக் கெளம்பினாருங்கறதுக்கு விடை அங்கதான் இருக்கும். கல்லறை எழுத்துக்கு காட்டன்னு ஒருத்தர் 1905ல மெட்ராஸ் மாகாணம் முழுக்க சுத்தி தொகுத்த லிஸ்ட் இருக்கு, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு ரொம்ப உதவும். பாளையக்காரர் வம்சாவளி வேணுங்கறவங்களுக்கு கம்பெனி காலத்து சர்வேயர் மெக்கன்சி சேத்து வச்ச சுவடிகள் சென்னை கீழ்த்திசை சுவடிகள் நூலகத்துல இருக்குன்னு ஒரு வரி. பாதிக்கு மேல காப்பிரைட் முடிஞ்ச புக்கு, தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்துலயும் மத்த இடத்துலயும் ஸ்கேனா கிடைக்குது, பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணி வச்சா வேலை முடிஞ்சுது.

ஒரு கண்டிஷன் மட்டும். அந்த அலமாரியை ஜாதிப் பெருமை புக்கால ரொப்பிடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். எல்லா ஜாதிக்கும் ஒரு வரலாறு புக்கு வந்தாச்சு, எல்லாத்துலயும் நாம ராஜ வம்சம், எல்லாரும் படை நடத்தி இருக்கோம், ஏர் ஓட்டினவன் ஒருத்தன் கூட இல்ல. அதைப் படிச்சு ஒருத்தருக்கும் தன் பாட்டி பேரு கிடைச்சது கிடையாது. சங்கம் போடற மலர்ல கடைசிப் பக்கத்துல வர்ற உறுப்பினர் பட்டியல், ஊர் பட்டியல் வேணும்னா பிரயோஜனம், அதை மட்டும் வைங்க. நகரத்தார் மாதிரி கோயில்ல கல்யாணத்தைப் பதிஞ்சு, கல்யாணம் ஆன ஒவ்வொரு ஜோடியையும் ஒரு புள்ளின்னு கணக்கு வச்சிருக்கற வழக்கம் இருந்தா அது நெஜமான ஆதாரம், அதைக் கைடுல எழுதலாம். இன்னொன்னு, பழைய தாள்ல ஜாதி இருக்கும், சண்டை இருக்கும், ரெண்டாம் தாரம் இருக்கும், உயிரோட இருக்கறவங்க விவரமும் இருக்கும். உயிரோட இருக்கறவங்களைப் பத்தின எதையும் பொது அலமாரியில வைக்கக் கூடாதுன்னு முதல் பக்கத்துலயே போட்டுடுங்க.

காசுக்கு எங்க போறதுன்னு சொல்லாதீங்க சார், சொத்து வரியோட சேத்து ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி நாங்க கட்டிட்டுத்தான் இருக்கோம். சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே 1948ல நூலகச் சட்டம் போட்ட மாகாணம் இது. கைடு எழுத வெளிய இருந்து பெரிய ஆளெல்லாம் தேட வேணாம், ரிட்டயர் ஆன சார்பதிவாளர் ஒருத்தர், சர்வே டிப்பார்ட்மென்ட் ஆளு ஒருத்தர், காப்பகத்துல ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்க ரெண்டு பேரு, மாவட்டத்துக்கு மாவட்டம் உக்காந்தா எழுதிடலாம், நானும் வர்றேன், டீ செலவு கூட வேணாம்.

கடைசியா வீட்டுல கிடக்கற தாள். மொய் நோட்டு இருக்கே, அதை மாதிரி ஒரு சொந்தக்கார லிஸ்ட் எந்த சர்க்காரும் எழுதினது கிடையாது. ஊர் பேரு, ஆள் பேரு, எவ்வளவு, தாய்மாமன் செஞ்சது தனியா. அறுபது வருஷத்து நோட்டை வரிசையா வச்சுப் பாத்தா எந்தெந்த ஊரோட கொள்வினை கொடுப்பினை இருந்துச்சு, எந்த வருஷத்தோட எந்த ஊர் நின்னு போச்சுன்னு தெரியும், நின்னதுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஒரு சண்டை இருக்கும். கல்யாணப் பத்திரிக்கை, கருமாதிக் கார்டு, பழைய ரேஷன் கார்டு எல்லாம் அப்படித்தான். இதெல்லாம் வருஷா வருஷம் போகியில எரியுது, பழைய துணியோட பாயோட சேத்து. அதனால மார்கழி கடைசி வாரத்துல, போகிக்கு முன்னாடி, ஒவ்வொரு கிளை நூலகத்துலயும் ரெண்டு நாள் ஸ்கேன் முகாம் வைங்க. ஜனங்க தாளைக் கொண்டு வரட்டும், ஸ்கேன் பண்ணி ஒரு காப்பியை அவங்க போன்லயே போட்டுக் குடுங்க, விருப்பப்பட்டவங்ககிட்ட மட்டும் எழுதி வாங்கிட்டு ஒரு காப்பி நூலகத்துல வைங்க. என்எஸ்எஸ் பசங்களைக் கூப்பிட்டா வந்து செஞ்சு குடுப்பாங்க. வர்ற மார்கழிக்கே மதுரையில ஒரு கிளையில மட்டுமாவது ஆரம்பிக்க முடியுமான்னு பாத்து பதில் போடுங்க, முகாம்ல உக்காந்து பழைய கையெழுத்தைப் படிச்சு சொல்றதுக்கு நான் ரெடி.

இப்படிக்கு,
உங்க நூலகத்தோட பழைய உறுப்பினர் ஒருத்தன்,
மதுரை